மூன்றாம் மாடி வீட்டின் ஓய்வு நாள்

வெள்ளிக்கிழமைகளில் லிஃப்ட்காரன் காலை ஐந்தரைக்கு எழுகிறான். பல் தேய்த்துவிட்டு அடுப்பில் பாலை வைக்கிறான். பால் காய்வதற்குள் டிஷ்யூ ரோலிலிருந்து முப்பது துண்டு கிழித்து, பறக்காமலிருக்க அவற்றின்மேல் சோப்பு டப்பாவை வைக்கிறான். மறுநாளைக்கான பால் பாக்கெட்டையும் பிஸ்கட் பாக்கெட்டையும் வெட்டிப் பாத்திரங்களில் கொட்டி மூடுகிறான். ஷூ லேஸைக் கால் நுழைகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டி வைக்கிறான். கூடத்து விளக்கைப் போடுகிறான், அது இரண்டு நாள் எரியும். பிறகு காபி குடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். அன்று மாலை சூரியன் மறையப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போதிலிருந்து மறுநாள் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அந்த வீட்டில் காகிதம் கிழியாது, கத்தரிக்கோல் வெட்டாது, தீக்குச்சி பற்றாது, பேனா எழுதாது, முடிச்சு விழாது, ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரியாது. ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பது எரியும், ஓடிக்கொண்டிருப்பது ஓடும். புதிதாக எதுவும் தொடங்காது. மூன்று வருடமாக இப்படித்தான்.

முதல் தடவை இது நடந்தது அவன் மனைவி இறந்த அடுத்த வெள்ளிக்கிழமை. இன்ஜினியரிங் படித்து, பத்து வருடமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் என்பதால் அவன் இதை ஒரு பழுதாகவே எடுத்துக்கொண்டான். டெஸ்டரை வைத்துப் பார்த்தான். டெஸ்டருக்குள்ளிருந்த விளக்கும் எரியவில்லை. கீழ்வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, இறங்கி, மீட்டரைத் தட்டினார். "கரண்ட் வருது சார். பல்புக்குத்தான் மனசு வரல" என்றார். குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கப் பார்த்தார், பேனா எழுதவில்லை. உதறினார், நாக்கில் வைத்துப் பார்த்தார். கடைசியில் படிக்கட்டில் போய் நின்று எழுதினார், அங்கே எழுதியது. அன்று சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அவன் போட்டு வைத்திருந்த ஸ்விட்ச்சுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன. மிக்ஸி காலியாகச் சுற்றியது. "என்னப்பா, மேல கல்யாணமா?" என்று கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். மனைவி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது நினைவுக்கு வந்து, வாயில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளாக இருந்தாள். ஒரு நாள் பகல் ஷிஃப்டில், சவக்கிடங்கு வாசலில் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். உள்ளே இருப்பவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். உறவு ஒன்றும் இல்லை, முன்பின் பழக்கமும் இல்லை, நாங்கள் யூதர்கள், எங்களில் இறந்தவரை அடக்கம் செய்யும்வரை தனியாக விடுவதில்லை, இது என் முறை என்றார் அவர். அன்று வீட்டில் சாப்பிடும்போது அவள் இதை இரண்டு தடவை சொன்னாள். அடுத்த வாரம் ஜெப ஆலயத்துக்குப் போய், இதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரபியிடம் கேட்டாள். அவர் அவர்களுடைய போதகர். புதிதாகக் கேட்டு வருபவரை மூன்று தடவை திருப்பி அனுப்புவது அவர்கள் வழக்கம், அவளுக்கு அது தெரியாது. "மூஞ்சில அடிச்ச மாதிரி கதவ சாத்திட்டாருப்பா" என்று முதல் நாள் வந்து சொன்னாள். இரண்டாம் தடவை, "இன்னைக்கு தண்ணி குடுத்தாரு, அப்புறம் சாத்துனாரு." மூன்றாம் தடவையும் சாத்தினார். நான்காம் தடவை ரபி, ஒரு கை உடைந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

இரண்டு வருடம் படித்தாள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு எழுதினாள். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை என்பது முதல் பக்கம். பாலையும் இறைச்சியையும் சேர்க்கக் கூடாது என்பது நான்காம் பக்கம். அதற்காகச் சமையலறைப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் நீலம், சிவப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். ரொட்டிக்கு ஒரு நன்றி, பழத்துக்கு ஒரு நன்றி, கழிப்பறை போய் வந்து உடம்பு சரியாக வேலை செய்வதற்கு ஒரு நன்றி என்று ஒரு நாளைக்கு நூறு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. கேள்வி கேட்பது தப்பில்லை, கேட்காமலிருப்பதுதான் தப்பு என்று ஒரு பக்கத்தில் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஓய்வு நாளுக்கு மட்டும் நாற்பது பக்கம். வெள்ளிக்கிழமை சூரியன் மறையப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது வீட்டுப் பெண் மெழுகுவத்தி ஏற்றுவதோடு அது தொடங்கும். அன்று செய்யக் கூடாத வேலைகள் முப்பத்தொன்பது, அவற்றிலிருந்து கிளை பிரியும் வேலைகளுக்குக் கணக்கில்லை. அவளுக்கு எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை, இவனுக்கும் இல்லை. இவனுக்கு அது அப்படியே தொடர்ந்தது. "லீவு நாள்ல லீவு எடுக்க ரெண்டு வருஷம் படிக்கணுமா?" என்று கேட்டான். "உனக்கு எத்தன வருஷம் ஆனாலும் வராதுப்பா" என்றாள். அது உண்மைதான். பாதி முறுக்கிய ஸ்க்ரூவை விட்டுவிட்டு அவன் எங்கும் போனதில்லை. லிஃப்ட் வேலையில் அப்படிப் போகவும் கூடாது.

ஓய்வு நாள் விஷயத்தில் ரபி அவளுக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார். இன்னும் முழுவதும் சேராத ஒருவர் அந்த நாளை முழுவதுமாகக் கடைப்பிடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, வேண்டுமென்றே ஒரே ஒரு சின்ன வேலையைச் செய்துவிட வேண்டும். சேர்ந்த பிறகுதான் அந்த ஓட்டையை அடைக்கலாம். அவள் நடைபாதை விளக்கைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் குளித்துவிட்டு வந்து, குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த அந்த ஸ்விட்ச்சை ஒரு தடவை போட்டு அணைப்பாள். அவ்வளவு நேரம் ஒழுங்காக இருந்துவிட்டு அந்த ஒரு நொடி தப்புச் செய்வது அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அவன் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போடுவாள். மழைநீர் சேர்ந்த குளத்தில் தலைமுடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் முங்கி எழுந்தால் அவள் சேர்ந்துவிடுவாள். அதற்கு ஒரு புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கூடத்தில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து இறந்தாள். வயது முப்பத்தொன்று.

சூரியன் மறைந்து, வண்டியில் ஏறக் கூடாத ஓய்வு நாள் தொடங்கிவிட்டதால் ரபி ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார், ஆறு கிலோமீட்டர். மூச்சு வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு தணிந்ததும், "கடைசியா எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். இறக்கும் நேரத்தில், கடவுள் ஒருவரே என்னும் அந்த ஒற்றை வரியைச் சொல்லிவிட்டுப் போவது அவர்கள் மத்தியில் பெரிய விஷயம். அவள் அந்த வரியைக் குளியலறையில் ஆறு மாதம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்ததை அவன் கேட்டிருக்கிறான். அதனால், "அந்த வரியைத்தான் சொன்னா" என்றான். அது பொய். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அந்த இடத்தில் இது வந்தது.

அந்தப் பொய்யினால் காரியங்கள் நடந்தன. ஜெப ஆலயத்துப் பெண்கள் மூன்று பேர் நடந்து வந்து, ஞாயிற்றுக்கிழமை வரை முறை வைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்ததும் கல்லறைத் தோட்டக் கமிட்டி கூடியது. ஐந்து பேர். முங்கி எழாதவள் நம் ஆள் இல்லை, மதிலுக்கு வெளியேதான் இடம் என்றார் செயலாளரான மருந்துக்கடைக்காரர். அந்த வரியைச் சொல்லிவிட்டுப் போனவளை எப்படி வெளியே வைப்பது என்றார்கள் மற்ற நான்கு பேரும். மதிலுக்கு உள்ளே, கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் அடக்கத்துக்கு வந்தார், மற்றவர்களைப் போலவே மூன்று மண்வாரி மண் போட்டார், மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் விளக்கு எரியாமல் போன மூன்றாவது வாரம் லிஃப்ட்காரன் அவளுடைய நோட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். துக்கத்துக்காகப் படிக்கவில்லை, பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கத்தான். முப்பத்தொன்பது வேலைகளையும் தனித் தாளில் எழுதி, சர்வீஸ் பட்டியலில் செய்வது போல ஒவ்வொன்றாகச் சோதித்தான். மாவு சலிக்க வரவில்லை, பிசைய வரவில்லை, நூல் கோக்கவில்லை, துணி தைக்கவில்லை. பட்டியலில் இல்லாத எதையும் வீடு தடுக்கவில்லை. தண்ணீர் வந்தது, கதவு திறந்தது, மூடியது. ஒரு தடவை மறதியாகச் சிவப்பு ஸ்டிக்கர் கரண்டியைப் பாலில் விட்டான், ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு அந்த ஒரு நாளைப் பற்றி மட்டுமே கவலை. ஆனாலும் கரண்டியை எடுத்துத் தனியாக வைத்தான்.

பட்டியலில் அடங்காதது ஒன்றே ஒன்று இருந்தது. சமையலறைச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதைப் பிடித்திருப்பவை நான்கு ஸ்க்ரூ. வெள்ளிக்கிழமை தோறும், அந்தப் பதினெட்டாவது நிமிடத்தில், கீழே இருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் தாமாக இடப்பக்கம் திரும்பிக் கழன்று, சத்தமில்லாமல் இறங்கி, சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டன. மேலே இருக்கும் இரண்டும் அசையவில்லை. சனிக்கிழமை நட்சத்திரம் தெரிந்து மற்ற எல்லாம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் இவை மட்டும் பிடிக்கவில்லை. முறுக்க முறுக்க வழுக்கின. ஞாயிற்றுக்கிழமை காலை போட்டால் ஒரே முறுக்கில் பிடித்தன. மரை தேய்ந்துவிட்டதோ என்று புது ஸ்க்ரூ வாங்கிப் போட்டான். அவையும் அப்படியே.

இதைக் கேட்கத்தான் அவன் ரபியிடம் போனான். "வீட்ல ஒரு ஃபால்ட்டு" என்றான். "மெக்கானிக் நீங்க, நான் என்ன பண்றது? போயிட்டு வாங்க" என்று ரபி கதவைச் சாத்தினார். மூன்று தடவை போனான். நான்காம் தடவை அந்தக் கை உடைந்த நாற்காலி வந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை தோறும் போனான். சேருவதற்காக இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டான், ரபியும் சேரச் சொல்லவில்லை. பழுதுக்கு விளக்கம் தேடித் தேடி, அவள் இரண்டு வருடத்தில் படித்ததை அவன் பத்து மாதத்தில் படித்திருந்தான். விளக்கு எரியாததற்கு ரபியால் பக்க எண்ணோடு காரணம் சொல்ல முடிந்தது. ஸ்க்ரூவுக்கு முடியவில்லை. நட்சத்திரம் தெரிந்த பிறகு வேலை செய்யலாம், ஞாயிறு வரை காத்திருக்க எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை என்று தாடியைச் சொறிந்தார். சில செவ்வாய்க்கிழமைகளில் இருவரும் ஒரு மணி நேரம் அந்த இரண்டு ஸ்க்ரூவைப் பற்றியே பேசினார்கள்.

வருடம் முடியும் சமயம் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். பெயருக்குக் கீழே அந்த ஒற்றை வரியை வெட்டி, இதைச் சொல்லி உயிர் விட்டவள் என்று போடலாம் என்று கமிட்டி முடிவு செய்து, அவன் கையெழுத்துக்காகத் தாளை அனுப்பியது. அந்த வாரப் பாடம் மன்னிப்பைப் பற்றியது. கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுளிடம் சொன்னால் போதும், மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடமே போய்த்தான் தீர்க்க வேண்டும் என்றார் ரபி. லிஃப்ட்காரன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். உண்மையைச் சொன்னால் அவளைத் தோண்டி எடுத்து மதிலுக்கு வெளியே வைப்பார்கள். சொல்லாவிட்டால் அவள் சொல்லாத ஒன்றைக் கல்லில் வெட்டி, அவள் தலைமாட்டில் நட்டு வைப்பார்கள். ஒன்பது நாள் அந்தத் தாள் பையில் இருந்தது. சட்டையைத் துவைக்கும்போது எடுத்து வெளியே வைத்துவிட்டு, காய்ந்த பிறகு திரும்ப வைத்தான். பத்தாம் நாள் போய்ச் சொன்னான்.

ரபி அன்று பாடம் எடுக்கவில்லை. கமிட்டியிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றார், சொன்னார். மருந்துக்கடைக்காரர் கமிட்டியில், "நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?" என்றார். கல்லறையை மாற்ற வேண்டும் என்று எழுதி, மற்ற நான்கு பேரும் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வீட்டை ஒரு தடவை தானே பார்த்துவிடுவதாகச் சொன்னார். ஊரெல்லாம் அந்த வீட்டை அவள் சேர்ந்துவிட்டவள் என்பதற்கு ஒரு அத்தாட்சி மாதிரி பேசுகிறது, பொய் சொல்கிறவன் ஸ்விட்ச்சிலும் பொய் சொல்வான் என்பது அவர் வாதம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான்கரைக்கு, கையில் இரண்டு பையோடு வந்தார். ஓய்வு நாளில் பயணம் கூடாது என்பதால் மறுநாள் நட்சத்திரம் தெரியும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும். சமைத்த சாப்பாடு, போர்வை, மாத்திரைகள், இரண்டு மெழுகுவத்தி எல்லாம் கொண்டுவந்திருந்தார். கூடத்து அலமாரியில் இரண்டு மெழுகுவத்தி திரி கருகாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "இத ஏத்தலையா தம்பி?" என்றார். "அது அவ வச்சது" என்றான். அவர் தன்னுடையதை அவற்றின் பக்கத்தில் வைத்து ஏற்றினார். சிறிது நேரத்தில் சமையலறையில் இரண்டு ஸ்க்ரூ கழன்று வந்து மேஜையில் படுத்தன. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மருந்துக்கடையில நாப்பது வருஷம். இத மாதிரி எதுக்கும் மருந்து கேட்டு யாரும் வந்ததில்ல" என்றார். பிறகு சாப்பிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்ததால் இனிப்பை இவன் சாப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் நடைபாதையில் நின்றார். அந்த ஸ்விட்ச்சைப் பற்றி ரபி அவரிடம் சொல்லியிருந்தார். ஆனால் அவர் அதைத் தொடக் கூடாது, அது ஓய்வு நாள். வேறொருவரை நேராகப் போடச் சொல்லவும் கூடாது, அதுவும் வேலை வாங்குவதுதான். ஆகவே சுவரைப் பார்த்து, "இந்த எடம் எவ்வளவு இருட்டா இருக்கு" என்றார். லிஃப்ட்காரன் பத்து மாதம் படித்தவன், புரிந்துகொண்டான். "ஆமா, இருட்டுதான்" என்று சொல்லி ஸ்விட்ச்சைப் போட்டான். எரியவில்லை. "இன்னமும் இருட்டாத்தான் இருக்கு" என்றார் அவர். அணைத்து மறுபடியும் போட்டான். ஏழு தடவை போட்டான். மருந்துக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மூட்டு வலிக்காரர், சாதாரணமாகத் தரையில் உட்காருகிறவர் இல்லை. படிக்கிறவளின் ஓய்வு நாளில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும், அதை வைக்கச் சொன்னதே நாங்கள்தான், இந்த வீட்டில் அந்த ஓட்டை அடைபட்டிருக்கிறது, அதை அடைக்க அவளுக்கு அனுமதி கொடுத்தது எங்கள் கமிட்டி இல்லை என்று நிதானமாகச் சொன்னார். கொடுத்தது யார் என்று இவன் கேட்கவில்லை.

மதியம் இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஸ்க்ரூக்கள் கிடந்தன. "அந்த வரிய சொல்லலன்னா அப்ப என்னதான் சொன்னா அந்தப் பொண்ணு?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். ரபி அதைக் கேட்டிருக்கவில்லை, வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. லிஃப்ட்காரன் சொன்னான். மருந்துக்கடைக்காரர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, இத மறைக்கவா பொய் சொன்ன?" என்றார். சாயங்காலம் மூன்று நட்சத்திரம் எண்ணிவிட்டு, மாற்ற வேண்டும் என்று எழுதிய தாளைக் கிழித்து, பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தாள் நன்றாகவே கிழிந்தது.

அவள் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறாள். கல்லில் பெயரும் இரண்டு தேதியும் மட்டும் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கம் போனால், அவர்கள் வழக்கப்படி, ஒரு கூழாங்கல்லை அதன் மேல் வைத்துவிட்டு வருகிறார். ரபி ஸ்க்ரூவுக்குப் பக்க எண் தேடுவதை விட்டுவிட்டார். கீழ்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால், "மேல சாத்திட்டாங்க" என்று கடை சாத்துவதைச் சொல்வது போலச் சொல்கிறார். மின்வாரியம் ஏதோ ஒரு படிவத்தில் அந்த வீட்டுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று குறித்திருக்கிறது. லிஃப்ட்காரன் வெள்ளிக்கிழமை சாயங்கால வேலைகளை ஒத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு ஸ்க்ரூவையும் திரும்பப் போடுகிறான், அவை பிடிக்கின்றன.

அவள் இறந்த அன்று அவன் அதே ஸ்டூலில் நின்று அந்த ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தான். மேலே இரண்டு ஸ்க்ரூ போட்டாயிற்று, மூன்றாவதைக் கையில் வைத்திருந்தான். அவள் மெழுகுவத்தியை அலமாரியில் வைத்துவிட்டு, தீப்பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். அவன் சரி என்றான், ஆனால் இறங்கவில்லை. மூன்றாவதை முறுக்கினான், நான்காவதை முறுக்கினான், ஃபேனை ஓட விட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்டான். சத்தம் வரவில்லை. நான்கு நிமிடம் ஆகியிருக்கும். முன்னாலேயே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். இறங்கிப் போனபோது கூடத்தில் அவள் கையில் தீப்பெட்டி இருந்தது, குச்சி எடுத்திருக்கவில்லை. வாசலில் நின்று அவள் சொன்னது இதுதான்: "போதும், இறங்குப்பா. மிச்சம் ரெண்டு ஸ்க்ரூவ ஞாயித்துக்கிழம போட்டுக்கலாம்."